பெயரற்ற எலும்புகளும் எமது உறவுமுறைகளும்

சென்ற இதழில் நீரிழிவு உள்ளவர்கள் தமது பாதங்களை எவ்வாறு பேணவேண்டும் என்பது பற்றி எழுதியிருந்தோம். இம்முறை நோய், மருந்து என்பவற்றைச் சற்று ஒதுக்கிவிட்டு வேறொரு விடயத்துக்கு வருகின்றோம். 2025இல் செம்மணி அகழ்வு பற்றிய செய்திகள் வரத் தொடங்கியதிலிருந்து, இரத்த அழுத்தம் பார்க்க வரும் எமது முதியவர்கள் பலர் எழும்பிப் போகும்போது ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். "டொக்டர், எலும்பை வைச்சு ஆரெண்டு கண்டுபிடிக்கலாமோ? எங்கட இரத்தம் தேவைப்படுமோ?"

முதற் கேள்விக்குப் பதில், பல வேளைகளில் முடியும் என்பது. இரண்டாவது கேள்விக்குப் பதில், எலும்பைப் போலவே அதுவும் இன்றியமையாதது என்பது. இதை விளங்கிக்கொள்ள, முதலில் நாம் வாழும் இந்த நாட்டில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம். எமது ஊர் விடயத்துக்கு அதன் பின்னர் வருகின்றோம்.

சொமர்ட்டன் மனிதர்

1948ஆம் ஆண்டு டிசெம்பர் 1ஆம் திகதி காலை, அடிலெய்ட் நகரின் சொமர்ட்டன் கடற்கரையில் நன்றாக உடையணிந்த ஓர் ஆணின் உடல் காணப்பட்டது. காயம் எதுவும் இல்லை. உடைகளின் பெயர்ப்பட்டிகள் அகற்றப்பட்டிருந்தன. காற்சட்டையின் சிறு பையில், பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் நூலொன்றின் கடைசிப் பக்கத்திலிருந்து கிழிக்கப்பட்ட, 'முடிந்தது' என்று பொருள்படும் இரு சொற்கள் கொண்ட கடதாசித் துண்டு இருந்தது. பின்னர் அடிலெய்ட் புகையிரத நிலையத்தில் அவருடையதெனக் கருதப்பட்ட ஒரு பெட்டி கிடைத்தது. அதிலிருந்த கழுத்துப்பட்டியில் 'கீன்' என்ற பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரில் எவரும் காணாமற் போயிருக்கவில்லை. உளவாளி என்றார்கள், நஞ்சூட்டப்பட்டவர் என்றார்கள். கடைசியில் 1949 ஜூனில் பெயரின்றியே புதைத்தார்கள்.

புதைப்பதற்கு முன்னர் பொலிஸார் அவருடைய தலை, மார்புப் பகுதியைச் சாந்தில் அச்செடுத்துச் சிலையாகச் செய்து வைத்தனர். அந்தச் சாந்துக்குள் அவருடைய சில தலைமயிர்கள் ஒட்டிக்கொண்டன. அன்று இதை எவரும் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். அடிலெய்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் அபொட், அமெரிக்காவின் வம்சாவளி ஆய்வாளர் கொலீன் ஃபிட்ஸ்பற்றிக் ஆகிய இருவரும் அந்த மயிர்களிலிருந்து பெறப்பட்ட டி.என்.ஏ.யைக் கொண்டு 2022 ஜூலையில் ஒரு பெயரை அறிவித்தனர். கார்ல் வெப், 1905ஆம் ஆண்டு பிறந்தவர், மின்பொறியாளர், மெல்பேர்ணின் புட்ஸ்கிரேயைச் சேர்ந்தவர். எமது வாசகர்களில் எத்தனையோ பேர் மரக்கறி வாங்கப் போகும் அதே புட்ஸ்கிரேதான்.

அவர்கள் செய்தது இதுதான். மயிரிலிருந்து பெற்ற மரபுத் தகவலை, பொதுமக்கள் தாமாகவே தமது தகவல்களைப் பதிவு செய்யும் ஒரு வம்சாவளித் தரவுத்தளத்தில் இட்டார்கள். அங்கே தூரத்து உறவினர் சிலர் பொருந்தினர். அந்த உறவினரின் பூட்டன், பூட்டி யார் என்று மேலே ஏறி, பின் அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கீழே இறங்கி, ஏறத்தாழ 4,000 பேர் கொண்ட ஒரு குடும்ப மரத்தை வரைந்தார்கள். பிறப்புப் பதிவு, விவாகப் பதிவு, வாக்காளர் இடாப்பு எல்லாவற்றையும் புரட்டி, இறப்புப் பதிவு இல்லாத ஆண் எவர் என்று தேடினார்கள். 1947க்குப் பின் எந்தப் பதிவிலும் தென்படாத ஒருவர் மிஞ்சினார். அவருடைய சகோதரி ஒருவரின் கணவர் பெயர் கீன். கழுத்துப்பட்டியின் கதையும் அத்தோடு விளங்கியது. பின்னர் தாய்வழி, தந்தைவழி இரு பக்கத்திலும் உயிருடன் உள்ள உறவினரின் டி.என்.ஏ.யோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

இது பல்கலைக்கழக ஆய்வாளரின் முடிவு என்பதைச் சொல்லவேண்டும். தென் அவுஸ்திரேலியப் பொலிஸார் 2021 மே மாதம் அந்த உடலைத் தோண்டியெடுத்துத் தனியாக ஆய்வைத் தொடங்கியிருந்தனர். 2022 அறிவிப்பு வெளியானபோது அவர்கள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஒரு பெயரைச் சொல்வதற்கும், ஒரு மரண விசாரணை அதிகாரி கையொப்பமிடுவதற்கும் இடையில் இன்னும் தூரம் உண்டு.

டி.என்.ஏ. எதைச் சொல்லும்?

எமது உடலின் ஒவ்வொரு கலத்திலும் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வந்த மரபுப் பொருள் இருக்கிறது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் பாதி பொது. உடன்பிறந்தோரிடையேயும் சராசரியாகப் பாதி. மாமன், அத்தை, பெரியம்மா, பேரன், பேத்தி என்றால் கால் பங்கு. ஒன்றுவிட்ட சகோதரரும் சொந்த மச்சான், மச்சாளும் எட்டில் ஒரு பங்கு. இரண்டுவிட்டவர் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அதற்கு அப்பால் போகப் போக மிகச் சிறிய துணுக்குகளே பொதுவாக இருக்கும். மூன்றுவிட்டவர்களில் சிலருக்கிடையே கண்டுபிடிக்கக்கூடிய பொதுத் துணுக்கு எதுவும் இல்லாமலும் போகலாம்.

பொலிஸார் நெடுங்காலமாகப் பாவித்து வந்த பரிசோதனை, டி.என்.ஏ.யில் ஏறத்தாழ இருபது இடங்களை மாத்திரம் பார்க்கும். இவர்தானா அவர், இவருடைய பிள்ளையா என்பதற்கு அது போதும். தூரத்து உறவைக் காண அது போதாது. மரபணு வம்சாவளி ஆய்வில் பல இலட்சம் இடங்கள் பார்க்கப்படுகின்றன. அதனாலேயே முப்பாட்டன் வழி உறவுகூடத் தெரியவருகிறது. இந்த முறை 2018இல் அமெரிக்காவில் ஒரு பழைய தொடர்கொலையாளியைப் பிடித்தபோது உலகத்தின் கவனத்துக்கு வந்தது. அதே மாதத்தில், 1981 முதல் ஒஹாயோவில் பெயரின்றிக் கிடந்த ஒரு பெண்ணின் அடையாளமும் இம்முறையால் தெரிந்தது.

இன்னும் இரண்டு வகை உண்டு. கலத்தின் உள்ளே இழைமணி என்றொரு பகுதி இருப்பதை உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கென்று தனியாக ஒரு சிறிய டி.என்.ஏ. இருக்கிறது. அது தாயிடமிருந்தே எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது. மகள்மார் மூலமே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஒரு கலத்தில் பல நூறு பிரதிகள் இருப்பதால், பழுதுபட்ட எலும்பிலும் இது மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். ரஷ்யப் பேரரசர் குடும்பத்தின் எலும்புகள் 1991இல் தோண்டப்பட்டபோது, பேரரசியின் அக்காவின் மகளுடைய மகன் ஒருவர் இரத்தம் கொடுத்தார். எலிசபெத் மகாராணியின் கணவர் இளவரசர் பிலிப்தான் அவர். மற்றையது வை நிறமூர்த்தம். தகப்பனிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து அவனுடைய மகனுக்கு என்று ஆண்வழியில் மாத்திரம் போவது.

எலும்புகளில் தொடையெலும்பும், பற்களும், காதின் உட்பகுதியைச் சூழ்ந்த கடினமான எலும்பும் டி.என்.ஏ.யை நன்கு பாதுகாப்பவை. வெப்பமும் ஈரமும் அதன் எதிரிகள். எமது ஊர் மண்ணில் இரண்டும் தாராளம். ஆகவே எல்லா எலும்பிலிருந்தும் விடை வரும் என்று எவரும் வாக்குறுதி கொடுக்க முடியாது.

சொமர்ட்டன் வழி எமக்குச் சரிவருமா?

அப்படியே எடுத்துப் பாவிக்க முடியாது என்பதே எமது கருத்து. மூன்று காரணங்கள் தென்படுகின்றன.

வம்சாவளித் தரவுத்தளங்களில் தமது டி.என்.ஏ.யைப் பதிவு செய்திருப்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வழியினர். வெப் என்பவருக்கு விக்டோரியாவில் உறவினர் அகப்பட்டனர். சாவகச்சேரியைச் சேர்ந்த ஒருவருக்கு அங்கே யார் அகப்படுவார்கள்? ரொறன்ரோவில் பொழுதுபோக்குக்காகப் பரிசோதனை செய்த ஒரு பேரப்பிள்ளை இருந்தால் அதிர்ஷ்டம்.

அடுத்தது எமது பெயர்கள். வெள்ளைக்காரரின் குடும்பப் பெயர் நூறு இருநூறு வருடம் மாறாமல் நிற்கும். பதிவேட்டில் விரலை வைத்துக்கொண்டு பின்னால் போகலாம். எமக்கோ தகப்பன் பெயர்தான் முதலெழுத்து. ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறிவிடும். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் இன்னொன்று. இடப்பெயர்வுகளில் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் போனது இன்னொரு கதை. எமது குடும்ப மரம் எந்தக் கச்சேரியிலும் இல்லை, அம்மம்மாமாரின் தலைக்குள்தான் இருக்கிறது.

மூன்றாவது காரணம் சுவையானது. மச்சானுக்கு மச்சாளைக் கட்டிவைப்பது, ஊருக்குள்ளேயே சம்பந்தம் செய்வது, மாற்றுச் சம்பந்தம் செய்வது எல்லாம் எமக்குப் பழக்கமானவை. ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும் மற்ற வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் மணந்தால், அவர்களின் பிள்ளைகள் மச்சான் மச்சாள்தான். ஆனால் அவர்களிடையே பொதுவான டி.என்.ஏ. எட்டில் ஒரு பங்கு அல்ல, கால் பங்கு. அதாவது கணினியின் கண்ணுக்கு அவர்கள் மாமன் மருமகன் போலத் தெரிவார்கள். ஐரோப்பியரை வைத்துத் தயாரித்த அட்டவணைகளைக் கொண்டு எமது உறவைக் கணிப்பவர் வழி தவறக்கூடும். யார் யாரை மணந்தார்கள் என்ற விபரம் எழுத்தில் இருந்தால் இதைச் சரிசெய்து கணிக்கலாம்.

ஆகவே எமக்குப் பொருத்தமானது நேர்வழி. காணாமற் போனவரின் மிக நெருங்கிய உறவினரின் மாதிரியைப் பெற்று வைத்து, எலும்பிலிருந்து வரும் டி.என்.ஏ.யோடு நேரடியாக ஒப்பிடுவது. அவுஸ்திரேலியாவிலும் இதுவே முதற்படி. அவுஸ்திரேலிய சமஷ்டிப் பொலிஸ் 2020இல் ஒரு தேசிய டி.என்.ஏ. திட்டத்தை ஆரம்பித்தபோது, நாட்டில் ஏறத்தாழ 500 பெயரற்ற உடல் எச்சங்களும், 2,500 நீண்டகாலமாகக் காணாமற் போனவர்களும் இருப்பதாகக் கணக்கிட்டது. பேராசிரியர் ஜோடி வோர்ட் அதற்குத் தலைமை தாங்கினார். எலும்புகளைப் பரிசோதித்ததோடு, குடும்பத்தவர்களை முன்வந்து கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்த மாதிரியைத் தரும்படியும் கேட்டார்கள். மரபணு வம்சாவளி ஆய்வையும் அத்திட்டத்தில் ஒரு கருவியாகச் சேர்த்திருந்தார்கள்.

ஊரில் உள்ள நிலைமை

1998இல், 1996ஆம் ஆண்டு மாணவி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட இராணுவத்தினர் ஒருவர், செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் கூறினார். 1999இல் நடந்த அகழ்வில் 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. இருவர் 1996இல் காணாமற் போன இளைஞர்கள் என அடையாளம் காணப்பட்டனர். அதன் பிறகு கால் நூற்றாண்டு மௌனம். 2025 பெப்ரவரியில், அப்பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் எரிவாயுத் தகனசாலை ஒன்றுக்காக மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்றக் கட்டளையின்படி நடந்த அகழ்வில் அவ்வாண்டு செப்டெம்பர் தொடக்கத்துக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் இனங்காணப்பட்டன. அவற்றுள் சிறுவர்களும் இருந்தனர். ஒரு நீலநிறப் புத்தகப்பையும், விளையாட்டுப் பொம்மையும், பால் போத்தலும் கிடைத்தன. ஓகஸ்டில் அப்பொருட்களை மக்கள் பார்த்து அடையாளம் காட்டுவதற்காக வைத்தார்கள்.

ஒரு தாய் ஒரு சட்டைத் துண்டைக் கண்டு இது என்னுடைய பிள்ளையுடையது என்று சொல்லலாம். அது பெறுமதியான தகவல். ஆனால் ஒரே கடையில் ஒரே துணி எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்? சட்டை வழிகாட்டும், முடிவைச் சொல்ல டி.என்.ஏ. வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கவேண்டும். எலும்பின் காலத்தைக் கணிப்பதும், எலும்புக்குரியவர் யார் என்று கண்டுபிடிப்பதும் இரண்டு வேறு பரிசோதனைகள். மன்னார் சதொச வளாகத்தில் 2018இல் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. சில மாதிரிகளை அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, காபன் முறையால் 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்ற முடிவு 2019இல் வந்தது. குடும்பத்தவர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். காபன் முறை சில நூற்றாண்டு பழைய எலும்பையும் அண்மைக்கால எலும்பையும் வேறுபடுத்த உதவும். ஆனால் ஒரு குழியில் பல காலத்து உடல்கள் இருக்கக்கூடும். ஐந்தாறு துண்டுகளின் விடையை முந்நூறு பேருக்கும் பொருத்திப் பார்ப்பது அறிவியலில் பலவீனமான வாதம். தெற்கில் மாத்தளையில் 2012இல் வெளிவந்த 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளின் கதையும் இத்தகைய காலக்கணிப்புச் சர்ச்சையில்தான் சிக்கியது. அங்கே காத்திருந்தவர்கள் சிங்களத் தாய்மார்.

முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 2023இல் நீர்க்குழாய் பதிக்கும்போது வெளிவந்த குழியிலிருந்து 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. இப்படி எலும்புகள் வெளிவருகின்றன, பெட்டிகளில் இலக்கமிட்டு வைக்கப்படுகின்றன. அவை வெளிவந்த வேகத்தில் உறவினரின் மாதிரிகள் திரட்டப்படவில்லை என்பதே எமது பெரும் கவலை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரில் பலர் இன்று உயிருடன் இல்லை.

இங்கே எமது சமயப் பழக்கம் ஒன்றும் குறுக்கே வருகிறது. சொமர்ட்டன் மனிதரைத் தோண்டியெடுக்க முடிந்தது, ஏனெனில் அவர் புதைக்கப்பட்டார். நாம் எரிக்கிறோம். தகனத்தின் வெப்பத்தில் டி.என்.ஏ. அழிந்துவிடும். சாம்பலிலிருந்து எதையும் பெறமுடியாது. ஒரு தாயைத் தகனம் செய்யும் நாளில், அவருடைய காணாமற் போன மகனை அடையாளம் காட்டக்கூடிய மிகச் சிறந்த சாட்சியும் போய்விடுகிறது. மாதிரி முன்னரே பெறப்பட்டிருந்தால் மாத்திரம் அது மிஞ்சும்.

அம்மம்மாக் கணக்கு

ஆர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தது. கைதான கர்ப்பிணிகளின் குழந்தைகள் பிறந்தவுடன் பறிக்கப்பட்டு வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டன. பெற்றோர் கொல்லப்பட்டுவிட்டனர். அம்மம்மா, அப்பம்மாமார் ஒன்று திரண்டு விஞ்ஞானிகளிடம் போய், நடுவில் உள்ள தலைமுறை இல்லாமல் பேரப்பிள்ளையை நிரூபிக்க முடியுமா என்று கேட்டார்கள். அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளெயர் கிங் முதலானோர் 1984இல் அதற்கான கணிப்பு முறையை உருவாக்கினர். பாட்டிமார் சுட்டெண் என்றே அதற்குப் பெயர். மார்பகப் புற்றுநோயின் பிரக்கா-1 மரபணு இருக்கும் இடத்தைக் காட்டியவரும் இவரே. 1987இல் ஒரு தேசிய மரபுத் தரவு வங்கி சட்டத்தால் நிறுவப்பட்டது. பாட்டிமார் இரத்தம் கொடுத்து வைத்தார்கள். பலர் பின்னர் காலமானார்கள், ஆனால் அவர்களின் மாதிரிகள் வங்கியில் இருக்கின்றன. 2025 ஜூலையில் 140ஆவது பேரப்பிள்ளை கண்டுபிடிக்கப்பட்டார்.

பொஸ்னியாவில் சிரெப்ரெனிட்சாவில் 1995இல் கொல்லப்பட்ட ஏறத்தாழ 8,000 பேரில் பெரும்பான்மையினர் டி.என்.ஏ. மூலம் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். கொன்றவர்கள் தடயத்தை மறைக்கக் குழிகளை இயந்திரத்தால் தோண்டி வேறிடங்களில் கொட்டியதால், ஒருவரின் எலும்புகளே பல குழிகளில் கிடந்தன. பல நாடுகளில் சிதறியிருந்த உறவினர்கள் கொடுத்த இரத்தத்துளிகள் இல்லாவிட்டால் அவற்றைச் சேர்த்திருக்க முடியாது.

யாருடைய மாதிரி பயன்படும்?

முதலிடம் தாய், தந்தை இருவருக்கும். அடுத்தது காணாமற் போனவரின் பிள்ளைகள். மனைவியிடம் கணவரின் டி.என்.ஏ. இல்லை, ஆனாலும் பிள்ளைகளோடு சேர்த்து அவருடைய மாதிரியும் பெறப்பட்டால், பிள்ளையில் தாயின் பாதியைக் கழித்துத் தந்தையின் பாதியைக் காணலாம். ஆகவே மனைவிமார் தம்மால் பயனில்லை என்று ஒதுங்கக்கூடாது. பெற்றோர் இல்லையென்றால் உடன்பிறந்தோர், எத்தனை பேர் கொடுக்கிறார்களோ அவ்வளவுக்கு நல்லது. ஒரு சகோதரர் கொடுத்துவிட்டார்தானே என்று மற்றவர்கள் இருந்துவிடுவதை நாம் காண்கின்றோம். ஒவ்வொரு சகோதரரிடமும் பெற்றோரின் வெவ்வேறு துண்டுகள் இருக்கின்றன.

அவர்களும் இல்லாத நிலையில் தாயின் சகோதரிகள், அவர்களின் பிள்ளைகள், சொந்தச் சகோதரியின் பிள்ளைகள் ஆகியோர் தாய்வழி இழைமணிக்கும், தந்தையின் சகோதரர், அவருடைய மகன்மார் ஆண்வழிக்கும் உதவுவார்கள். மெல்பேர்ணில் இருக்கும் ஒரு பெரியம்மாவின் மகள், வன்னியில் கிடைத்த ஓர் எலும்புக்குப் பெயர் கொடுக்கக்கூடும்.

காணாமற் போனவரின் சொந்தப் பொருட்களும் மதிப்புள்ளவை. சீப்பில் சிக்கிய மயிர், எடுத்து வைத்த பாற்பல், பல்துலக்கும் தூரிகை, முன்னர் வைத்தியசாலையில் எடுத்த திசு மாதிரி என்பன. இவற்றைக் கழுவவேண்டாம். பொலித்தீன் பையில் இட்டால் ஈரம் கட்டிப் பழுதாகும். நன்றாக உலர்ந்த நிலையில் கடதாசி உறையில் இட்டு, யாருடையது, எப்போதையது என்று எழுதி வையுங்கள்.

தாய் தந்தையர் மிகவும் தளர்ந்த நிலையில் இருந்தால், சுத்தமான பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை நன்கு தேய்த்து, காற்றில் உலரவிட்டு, இவ்வாறே கடதாசி உறையில் வைக்கலாம். வீட்டில் எடுத்த மாதிரிக்கு நீதிமன்றத்தில் முழுப்பெறுமதி இராது. முறையான அதிகாரி ஒருவர் எடுப்பதே சிறந்தது. ஆனாலும் ஒன்றும் இல்லாததைவிட இது மேல்.

சில எச்சரிக்கைகள்

இணையத்தில் நூறு டொலர் அளவில் விற்கும் வம்சாவளிப் பரிசோதனைகளை வாங்கித் துப்பி அனுப்பினால் காணாமற் போனவர் கிடைத்துவிடுவார் என்று எண்ணவேண்டாம். அவை புதைகுழி எலும்புகளோடு தாமாக ஒப்பிடப்படுவதில்லை. 'டுவென்டித்ரீ அன்ட் மீ' என்ற பெரிய நிறுவனத்தின் ஏறத்தாழ 70 இலட்சம் வாடிக்கையாளரின் தகவல்கள் 2023இல் திருடப்பட்டன. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. கொடுத்த டி.என்.ஏ.யை மாற்றிக்கொள்ள முடியாது, கடனட்டை இலக்கம்போல் அல்ல. அது உங்களுடையது மாத்திரமும் அல்ல, உங்கள் பிள்ளைகளுடையதும் சகோதரருடையதும்கூட.

குடும்ப இரகசியங்களும் வெளிவரலாம். ஊரில் சொல்லாமல் எடுத்து வளர்த்த பிள்ளை எத்தனையோ வீடுகளில் உண்டு. மாதிரி கொடுக்கும் முன்னர் வீட்டில் பெரியவர்கள் இதைப் பேசிக்கொள்வது நல்லது. மாதிரி எடுக்கும் அதிகாரியிடம் தனியாகச் சொல்லலாம், அவர்கள் கேட்டுப் பழகியவர்கள்.

நம்பிக்கை பற்றிய கேள்வியும் உண்டு. இலங்கையில் காணாமற் போனோர் அலுவலகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. பல குடும்பங்கள் அதை நம்பவில்லை. அந்தத் தயக்கம் எமக்கு நன்றாக விளங்குகிறது, நாமும் அந்த நாட்டை விட்டு வந்தவர்கள்தான். ஆகவே யார் மாதிரி கேட்டாலும் கையொப்பமிடும் முன்னர் கேளுங்கள்: மாதிரி எந்த நாட்டில், எந்த ஆய்வுகூடத்தில் இருக்கும்? யாரோடு பகிரப்படும்? வேறு தேவைக்குப் பாவிக்கப்படுமா? பின்னர் திருப்பிப் பெறலாமா? முடிவை முதலில் யாருக்கு அறிவிப்பார்கள்? எழுத்தில் பதில் தராதவரிடம் அவசரப்பட வேண்டாம். அதேவேளை, தயக்கத்தின் பெயரால் அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளிப்போடும்போது அம்மாவுக்கு எத்தனை வயது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

இப்போது செய்யக்கூடியவை

முதல் வேலைக்குப் பேனாவும் கொப்பியும் போதும். வீட்டில் உள்ள மூத்தவரோடு ஒரு சனிக்கிழமை பின்னேரம் அமர்ந்து, காணாமற் போனவரின் குடும்ப மரத்தை மூன்று தலைமுறைக்கு எழுதுங்கள். முழுப்பெயர், வீட்டுப் பெயர், ஊர், யார் யாரை மணந்தார், அவர்கள் முன்னரே உறவா, யார் இப்போது எந்த நாட்டில் உயிருடன் இருக்கிறார் என்பன வேண்டும். இன்னொரு பக்கத்தில் அவருடைய உயரம், எந்தக் கை கால் எப்போது முறிந்தது, உடம்பில் உலோகத் தகடு வைத்ததா, எந்தப் பல் பிடுங்கியது அல்லது அடைத்தது, கடைசியாக என்ன உடை, எங்கே, எத்திகதி என்று எழுதுங்கள். பல் தெரியச் சிரிக்கும் புகைப்படம் இருந்தால் அதைப் பிரதி எடுத்து வையுங்கள். பல் வரிசையை ஒப்பிட அது உதவும். நினைவில்லாததை ஊகித்து எழுதவேண்டாம், இடத்தை வெறுமையாக விடுங்கள்.

அவுஸ்திரேலிய செஞ்சிலுவைச் சங்கம் யுத்தத்தால் பிரிந்த குடும்பத்தினரைத் தேடும் சேவையை இலவசமாக நடத்துகிறது. உங்கள் உறவினரின் பெயர் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் இலங்கைப் பதிவுகளில் இருக்கிறதா என்று அவர்கள் மூலம் கேட்கலாம். காணாமற் போனவர்களின் குடும்ப டி.என்.ஏ.யை நாடுகளிடையே ஒப்பிடும் ஒரு தளத்தை இன்டர்போல் 2021இல் ஆரம்பித்தது. தனிநபர்கள் அதற்கு நேரே அனுப்ப முடியாது, ஒரு நாட்டின் பொலிஸ் வழியாகவே போகவேண்டும். பயணவழியிலோ கடலிலோ மூன்றாவது நாடொன்றில் காணாமற் போனவர்களின் குடும்பங்கள் இது பற்றி இங்குள்ள பொலிஸாரிடம் விசாரிக்கலாம்.

இந்த நாட்டுக்குள்ளேயே ஒருவர் காணாமற் போயிருந்தால், எத்தனை வருடம் கடந்திருந்தாலும், உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு இருக்கிறதா என்று உறுதிப்படுத்தி, குடும்பத்தின் டி.என்.ஏ. மாதிரி பெறப்பட்டதா என்றும் கேளுங்கள். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா இரண்டிலும் அவசரமற்ற விடயங்களுக்கான இலக்கம் 131 444. ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் முதலில் 131 450ஐ அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டுப் பெற்று, அவரோடு சேர்ந்து பேசலாம்.